ஆறு முறை ‘வாழி’ சொன்ன வாயிலோன்

‘வீரம்’ என்று தலைப்புக் கொடுத்தால் கோலாலம்பூரில் எந்தத் தமிழ்ப்பள்ளி மாணவரும் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசிவிடுவார். அதே பேச்சுப் போட்டியில் ‘அச்சம்’ என்று கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் நிமிடத்திலேயே வீரத்துக்குத் தாவியிருப்பார். அஞ்சக்கூடாது என்பதற்கு மேல் அச்சத்தைப் பற்றிச் சொல்ல நம் பிள்ளைகள் கையில் நாம் எதையும் கொடுக்கவில்லை. குறை இலக்கியத்தில் இல்லை, நாம் அதிலிருந்து பொறுக்கி எடுக்கும் மேற்கோள்களில் இருக்கிறது. பழந்தமிழில் கோழையை ஏசிய இடம் குறைவு. அஞ்சுகிறவன் எதைக் கண்டு அஞ்சுகிறான், எப்படிப் பேசுகிறான், எந்தச் சொல்லை விழுங்கிவிடுகிறான் என்று கூர்ந்து பார்த்த இடம்தான் அதிகம்.

சிலப்பதிகாரத்து வாயிலோனை, பாண்டியன் அரண்மனையின் வாயிற்காவலனை, எடுத்துக்கொள்வோம். வழக்குரை காதையில் அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பேச்சு. எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளிடம் கண்ணகி பேசியதைக் கேட்டால் ‘தேரா மன்னா’ என்று தொடங்கிவிடுவார்கள். அதற்குச் சற்று முன் வாசலில் நின்றவன் பேசியதை யாரும் கேட்பதில்லை.

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் கண்ணகி அவனிடம் சொல்லி அனுப்பும் ஆறு அடிகளை எழுதுங்கள்:

வாயிலோயே வாயிலோயே
அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து
இறைமுறை பிழைத்தோன் வாயிலோயே
இணையரிச் சிலம்பொன்று ஏந்திய கையள்
கணவனை இழந்தாள் கடையகத் தாளென்று
அறிவிப் பாயே அறிவிப் பாயே

வலப்பக்கம் அவன் மன்னனிடம் போய்ச் சொன்னதை எழுதுங்கள். பதினைந்து அடி வரும். முதல் நான்கு அடியில் ‘வாழி’ என்ற சொல் ஆறு முறை. அடுத்த ஏழு அடியில் வந்திருப்பவள் யார் என்று சொல்லாமல், யார் அல்லள் என்று சொல்கிறான்: கொற்றவை அல்லள், அறுவர்க்கு இளைய நங்கை, இறைவனை ஆடல் கண்ட அணங்கு, கானகம் உகந்த காளி, தாருகன் மார்பைக் கிழித்த பெண்ணும் அல்லள். ஐந்து தெய்வங்களின் பெயரைச் சொல்லியாயிற்று, செய்தி இன்னும் வரவில்லை. பன்னிரண்டாம் அடியில் ‘செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்’ என்கிறான். கண்ணால் பார்த்தவனுக்கு எதற்கு ‘போலும்’? கோபமாக இருக்கிறாள் என்று உறுதியாகச் சொன்னால், ஏன் கோபம் என்று மன்னன் கேட்பான். அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதில் அவனுக்குத் தெரியும், அதைத்தான் அவன் விழுங்குகிறான்.

இப்போது இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, மாறியவற்றின் கீழ்க் கோடு போடுங்கள். ‘இறைமுறை பிழைத்தோன்’ காணாமல் போயிருக்கிறது. போன இடத்தில் ‘பழியொடு படராப் பஞ்சவ’ வந்து உட்கார்ந்திருக்கிறது. முறை தவறியவன் என்று சொல்லச் சொன்னதை, பழியோடு சேராதவனே என்று திருப்பிப் போட்டிருக்கிறான். ‘இணையரிச் சிலம்பு’ என்றாள் கண்ணகி, அதாவது இணையில் ஒன்று. வழக்கே அந்த இணையில்தான் இருக்கிறது. வாயிலோன் வாயில் அது ‘பொற்றொழிற் சிலம்பு’ ஆகிறது. பொன்வேலை அவன் கண்ணில் பட்டது, சான்று நழுவியது. மாறாமல் வந்து சேர்ந்தது ஒரே அடிதான்: ‘கணவனை இழந்தாள் கடையகத் தாளே.’ அதை இரண்டு முறை சொல்கிறான்.

இளங்கோ எங்கும் ‘அவன் அஞ்சினான்’ என்று எழுதவில்லை. அச்சத்தை வாக்கியத்தின் அமைப்பிலேயே வைத்துவிட்டார். இந்தப் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம் போதும், படிவம் 4 பிள்ளைகளே செய்துவிடுவார்கள். அவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: வாயிலோனைக் ‘கோழை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அவன் கோழையாகவே இருந்திருந்தால் உள்ளே போயிருக்கமாட்டான். தலைக்கு ஆபத்தான சொற்களை மட்டும் கழித்துவிட்டு, செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். ‘வருக மற்றவள் தருக ஈங்கு’ என்று மன்னன் சொன்னதும் கதவு திறக்கிறது.

இதே காப்பியத்தில், செய்தி போய்ச் சேராத இடம் கொலைக்களக் காதை. அதற்குப் போகுமுன் தொல்காப்பியத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று அச்சம். அது எங்கிருந்து பிறக்கும் என்பதற்கு நூற்பா நான்கு நிலைக்களன் சொல்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ தெய்வமோ பேயோ, காட்டு விலங்கு, திருடர், அரசன். நான்கே என்று எண்ணிக் காட்டி முடித்துவிடுகிறார். தேர்வில் இந்த நான்கையும் எழுதி நான்கு மதிப்பெண் வாங்கிக்கொண்டு மூடிவிடுகிறோம். அது மனப்பாடத்துக்குரிய பட்டியல் இல்லை, பிரதியை அளக்கும் கோல்.

கோவலனைக் கொல்ல வந்த காவலர்களை இளங்கோ ‘அருந்திறல் மாக்கள்’ என்கிறார். எளிதில் அஞ்சுகிறவர்கள் அல்லர். கோவலனைப் பார்த்ததும் அவர்கள் சொன்னதும் சரியானது: ‘இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன், கொலைப்படு மகனலன்.’ உண்மையைக் கண்டுவிட்டார்கள், வாய்விட்டும் சொல்லிவிட்டார்கள். அதன்பின் பொற்கொல்லன் பேசுகிறான். சான்று எதுவும் காட்டவில்லை. திருடருக்குத் துணையாக இருப்பவை என்று எட்டை அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. மருந்தில் மயங்கினால் மன்னனின் தண்டனைக்கு நீங்கள்தான் ஆளாவீர்கள் என்று நடுவில் ஒரு கொக்கி போடுகிறான். உடனே காவலரில் ஓர் இளையவன் தன் அனுபவம் ஒன்றைச் சொல்கிறான். மாரிக்கால நடு இரவில், நீல உடையும் உளியுமாக ஒருவன் ‘கடும்புலி போன்று’ தோன்றினான், நான் வாளை உருவினேன், என் கைவாளையே பறித்துக்கொண்டான், பிறகு எங்கு தேடியும் காணவில்லை. பேச்சை அவன் முடிக்கும் இடத்தில் ‘அலைக்கும் வேந்தனும்’ வருகிறது: நாம் விட்டால் அரசன் நம்மை வதைப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

தொல்காப்பியர் சொன்ன நான்கையும் இங்கே வைத்துப் பாருங்கள். மந்திரமும் தெய்வமும் அணங்கு. கள்வன் கதை முழுக்க இருக்கிறான். விலங்கு உவமையாக வந்துவிட்டது, புலி. கடைசியில் இறை. நான்கு நிலைக்களனும் ஒரே உரையாடலுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இளங்கோ இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் வாதிடவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் இப்படி வாசித்தபின் அந்தக் காதையை வெறும் ‘ஊழ்’ என்று சொல்லி ஒதுக்க முடிவதில்லை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டியது உண்மைதான், அது நடந்து வந்த வழி அச்சம்.

வாளை வீசியது யார் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘கல்லாக் களிமகன் ஒருவன்.’ கள் வெறியில் இருந்தவன். அஞ்சியவர்களில் ஒருவர்கூடக் கோவலனைத் தொடவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் பேச்சை நிறுத்தியதுதான். நல்லது தெரிந்த பலர் வாய் மூடிய இடைவெளியில், எதுவும் தெரியாத ஒருவன் கை உயர்ந்தது. பழந்தமிழில் அச்சத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் என்னை மிகவும் உலுக்குவது இந்த இடம்தான்.

பாரதியின் ‘நெஞ்சு பொறுக்குதில்லையே’ பாடலையும் இந்தக் கோலால் அளக்கலாம். பேய்கள் மரத்திலும் குளத்திலும் இருக்கின்றன, மந்திரவாதி இருக்கிறான், அது அணங்கு. சிப்பாய், ஊர்ச் சேவகன், துப்பாக்கிக்காரன், அது இறையின் கை. விலங்கும் கள்வரும் அந்த வரிகளில் இல்லை. காடு போய்விட்டது, அதிகாரம் மட்டும் வளர்ந்துவிட்டது. ‘எப்போதும் கைகட்டுவார்’ என்ற வரியைப் பாரதி இந்தியாவைப் பார்த்து எழுதினார். துரை, கிராணி, கங்காணி என்று படிப்படியாகக் கைகட்டி நின்ற தோட்டத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அதை பினாங்கிலோ கிள்ளானிலோ வாசிக்கும்போது, தாத்தாவைப் பற்றி எழுதியதாகவே கேட்கும். அப்போது இரண்டு விதமாக எதிர்வினை வரும். சிலர் அவமானப்படுவார்கள், சிலர் தாத்தாவுக்காகக் கோபப்படுவார்கள். ஆசிரியர்கள் இரண்டாவதற்கும் இடம் கொடுக்க வேண்டும். கைகட்டி நின்றவர்களுக்கு அன்று வேறு வழி என்ன இருந்தது என்பதும் அந்த வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. குறள் அதற்குத் துணை நிற்கும். ‘வெருவந்த செய்யாமை’ என்று தனி அதிகாரமே வைத்து, அஞ்சும்படி ஆட்சி செய்கிறவன் மேல்தான் வள்ளுவர் பழியைப் போடுகிறார். ‘வெருவந்த செய்தொழுகும் வெங்கோலன் ஆயின் ஒருவந்தம் ஒல்லைக் கெடும்’ (563). கெடுவான் என்று அவர் சொல்வது அஞ்சுகிறவனை அல்ல, அஞ்ச வைக்கிறவனை.

குறளில் அச்சத்தைத் தேடும்போது சில பள்ளங்கள் உண்டு. ‘பல்லவை கற்றும் பயமிலரே நல்லவையுள் நன்கு செலச்சொல்லா தார்’ (728). மேடையில் இதை ‘பயமே இல்லாதவர்’ என்று பொருள் சொல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். இங்கே பயம் என்றால் பயன். பல நூல் கற்றும், நல்ல அவையில் மனங்கொள்ளச் சொல்ல முடியாதவரால் பயனில்லை என்பது கருத்து. தலைகீழாகப் போய்விடும். அடுத்தது 428: ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை.’ இதை 1075-இன் ‘அச்சமே கீழ்களது ஆசாரம்’ என்பதோடு பக்கத்தில் வைத்தால் முரண் போலத் தோன்றும். ஒன்று, தீயதைக் கண்டு விலகும் அறிவு. மற்றது, தண்டனைக்குப் பயந்து மட்டும் ஒழுங்காக நடப்பது. கயவர் நல்லபடி நடந்தால் அதற்குக் காரணம் அச்சம் மட்டுமே என்கிறார். சொல் ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு. ‘குறள் அச்சத்தை எதிர்க்கிறது’ என்றோ ‘ஆதரிக்கிறது’ என்றோ பொத்தாம்பொதுவாக எழுதிய கட்டுரை தப்பு.

‘அவை அஞ்சாமை’ 73-ஆம் அதிகாரம். முதல் ஐந்து குறள் அஞ்சாமல் பேசுகிறவரின் வழிமுறை, பின் ஐந்தும் அஞ்சுகிறவருக்கு விழும் அடி. நாம் பிள்ளைகளிடம் சொல்வது பெரும்பாலும் பின் ஐந்தைத்தான். அதில் 727-இல் ‘பேடி கை ஒள்வாள்’ என்று ஓர் உவமை வருகிறது. பால் அடையாளத்தைக் கோழைத்தனத்துக்கு அளவாக வைத்த காலத்துச் சொல் அது. வகுப்பில் கடக்கும்போது வாய்க்குள் முனகாமல், இந்த உவமையை இன்று நாம் ஏற்பதில்லை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். வள்ளுவர் குறைந்துவிடமாட்டார்.

பயன்படுவது முதல் ஐந்து. அதிலும் 725: ‘ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு.’ அளவு என்பதற்கு அளவை நூல், அதாவது தருக்கம் என்று பரிமேலழகர் உரை காண்பார். மாற்றம் கொடுத்தல் என்றால் எதிர்மொழி சொல்லுதல், பதில் கொடுத்தல். துணிச்சலாக இரு என்று இந்தக் குறள் சொல்லவில்லை. பதில் சொல்வதற்காகப் படி என்கிறது. நம் பேச்சுப் போட்டிப் பயிற்சி இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. ஆசிரியரோ பெற்றோரோ இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கிறார்கள், பிள்ளை ஒப்புவிக்கிறது. ஒப்புவிக்கும் மூளை ஒவ்வொரு வரியையும் முந்தைய வரியின் வாலில் கட்டி வைத்திருக்கும். நடுவில் ஒரு வரி அறுந்தால் அடுத்தது வராது. மூன்றாம் நிமிடத்தில் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது கூச்சத்தால் மட்டுமல்ல, அந்தக் கயிறு அறுந்ததால். ‘சபைநடுவே நீட்டோலை வாசியா நின்றான்’ என்று மூதுரை காட்டும் ஆள் இப்படித்தான் நிற்கிறான். காட்டில் கவையும் கொம்புமாக நிற்பவை மரமல்ல, இவனே நல்ல மரம் என்று ஔவை சொல்லிவிட்டார். கையில் ஓலை இருந்தும் வாசிக்க வரவில்லை.

725-ஐப் பயிற்சியாக மாற்றுவது எளிது. ஐந்து நிமிட உரையை ஐந்து கருத்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரே ஒரு சொல்லை மட்டும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள், வாக்கியம் கூடாது. முதல் மூன்று நாள் பிள்ளை மேடைப் பேச்சாகப் பேசவே வேண்டாம். வீட்டில் யாராவது கேள்வி கேட்கட்டும், ஒவ்வொரு அட்டைக்கும் மூன்று கேள்வி: ஏன் அப்படி? எங்கே சொல்லியிருக்கிறது? இல்லை என்று ஒருவர் சொன்னால்? பிள்ளை தன் வாய்ச்சொல்லில் பதில் தரட்டும், செந்தமிழாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான்காம் நாள் அட்டைகளைக் கலைத்துப் போட்டு, வருகிற வரிசையில் பேசச் சொல்லுங்கள். வரிசை மாறியும் பேச முடிந்தால், மேடையில் ஒரு கருத்து மறந்தாலும் அடுத்ததற்குப் போய்விடலாம். மேற்கோள்களை மட்டும் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்ய வேண்டும், அதுவும் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பெண்ணையும் அச்சத்தையும் இணைத்துப் பேசும் இடத்தில் மேடைகளில் ஒரு பிழை நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற நான்கையும் தொல்காப்பியம் விதித்தது என்பார்கள். களவியல் நூற்பாவில் இருப்பது மூன்று: ‘அச்சமும் நாணும் மடனும்.’ பயிர்ப்பு அதில் இல்லை. அது களவொழுக்கத்தில் தலைவி எப்படிக் காட்டப்படுவாள் என்பதற்கான இலக்கண வரையறை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கபிலரின் குறிஞ்சிக்கலியில் (கலித்தொகை 51) தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்த இளைஞன், தண்ணீர் கொடுக்க வந்த பெண்ணின் வளை அணிந்த முன்கையைப் பற்றுகிறான். அவள் ‘தெருமந்து’, அதாவது கலங்கி, ‘அன்னாய், இவன் ஒருவன் செய்தது காண்’ என்று அலறுகிறாள். தாய் ஓடி வந்ததும், ‘உண்ணுநீர் விக்கினான்’ என்று மாற்றிவிடுகிறாள். முதல் வாக்கியம் அச்சம், இரண்டாம் வாக்கியம் அச்சத்தை மீறிய முடிவு. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம்தான். பாட்டை இனிப்பாக மட்டும் சொல்லித் தரும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அந்த முதல் அலறல் உண்மையானது, அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

புறநானூறு 278-க்கு வருவோம். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது, ஒன்பது அடி. ‘மார்பை அறுத்தெறிந்த தாய்’ என்று மேடையில் முழங்குவார்கள். அறுக்கவில்லை. ‘உடைந்தனன் ஆயின்’ என்று நிபந்தனை இருக்கிறது, ‘அறுத்திடுவென்’ என்பது சூளுரை. மகன் புறங்காட்டினான் என்பதே ‘பலர் கூற’ வந்த பேச்சு. பாட்டில் கோழை என்று ஒருவனும் இல்லை, வதந்தி மட்டும்தான் இருக்கிறது. புறப்பாடல்களில் புறமுதுகு காட்டி ஓடியவனுக்குப் பெயரும் குரலும் தேடினால் கிடைப்பது அரிது. மிக அருகில் வருபவன் சேரமான் பெருஞ்சேரலாதன். அவனும் ஓடவில்லை. கரிகாலன் ‘முன்பு குறித்து எறிந்த’ வேல் முதுகில் புண்ணாக வெளிப்பட்டதற்கே நாணி வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான் (65). கோழை என்று பிறர் எண்ணிவிடுவார்களோ என்ற எண்ணமே உயிரைக் குடித்தது. வென்ற கரிகாலனிடம் வெண்ணிக் குயத்தியார், அவன் ‘நின்னினும் நல்லன் அன்றே’ என்று பாடினார் (66). அவை அஞ்சாமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அந்த ஒரு வரியைத் தருவேன்.

ஓடியே போனவன் ஒருவன் உண்டு, பாரதக் கதையில் விராட மன்னனின் மகன் உத்தரன். வில்லிபாரதத்தில் நிரைமீட்சிச் சருக்கம் அவனுடையது. அந்தப்புரத்தில் வீரம் பேசிவிட்டுத் தேரேறியவன், கௌரவர் படையைக் கண்டதும் குதித்து ஓடுகிறான். பேடி உருவில் தேரோட்ட வந்த அர்ச்சுனன் துரத்திப் பிடித்துக் கொண்டுவருகிறான். நாம் இந்த இடத்தில் சிரித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அர்ச்சுனன் அதற்குப்பின் செய்வது நிதானமான வேலை. போரிடு என்று அவனைத் தள்ளவில்லை. வன்னி மரத்தில் ஏறி ஆயுதத்தை இறக்கு என்கிறான். பிறகு கடிவாளத்தைக் கையில் கொடுக்கிறான். நீ தேரை ஓட்டு, நான் போரிடுகிறேன். நடுங்குகிற கைக்கு முதலில் மரம், அடுத்து கடிவாளம். படைக்கு நடுவே அதே உத்தரன் தேர் ஓட்டினான். வாளுக்கு வள்ளுவர் ‘பேடி கை’ என்ற உவமையை எடுத்த அதே மரபில், கோழையைத் தேற்றியவன் பேடியின் கோலத்தில் இருக்கிறான் என்பதும் கவனிக்க வேண்டியது.

நீ அர்ச்சுனன்தான் என்று நான் எப்படி நம்புவது, உன் பத்துப் பெயரையும் காரணத்தோடு சொல் என்று உத்தரன் கேட்கும் இடம் வியாச பாரதத்தில் இருக்கிறது. அர்ச்சுனன், பல்குனன், ஜிஷ்ணு, கிரீடி, சுவேதவாகனன், பீபத்சு, விஜயன், கிருஷ்ணன், சவ்யசாசி, தனஞ்சயன். கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்து இடி இறங்கும்போது, ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லிப் பிள்ளையை மடியில் இழுத்துக்கொள்ளும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை முதலில் கேட்டு வாங்கியவனும் பயந்துபோன ஒரு பிள்ளைதான்.